ஒரு ஹாரன் ஆமாம், இரண்டு ஹாரன் இல்லை

வீட்டில் இன்டர்நெட் சரியாக வரவில்லை என்றால் எல்லாரும் முதலில் ரௌட்டரைத்தான் திட்டுகிறார்கள். பாதி நேரம் அதன்மேல் தப்பே இருக்காது. எங்கள் வீட்டில் சுவர்தான் தகராறு. ரௌட்டர் முன்னறையில், அப்பாவின் கட்டில் பின்னறையில், நடுவில் பழைய காலத்துத் தடிச்சுவர். அதைத் தாண்டிப் போவதற்குள் சிக்னலுக்கு மூச்சு வாங்கிவிடும்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன் மேடம். எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அங்கேதான்.

அப்பா வெளியூர் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயின. நாம் சொல்வது அத்தனையும் புரியும். பதில் சொல்ல வாய் ஒத்துழைக்காது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அக்கா வெளிநாட்டில் நர்ஸ். மிச்சம் நான். பல் செட் செய்யும் லேபில் வேலை, கல்யாணம் ஆகாதவன். நீ பார்த்துக்கொள்கிறாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே முடிவாகிவிட்டது.

இடது கைக்காவது பயிற்சி வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்ல, அக்கா டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல் ஒன்று வாங்கி அனுப்பினாள். கூடவே லாரி ஓட்டும் கேம். அவள் அங்கிருந்து ஒரு லாரி, அப்பா இங்கிருந்து ஒரு லாரி, ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகலாம். ஒரு கையால் ஓட்டும்படி பட்டன்களை மாற்றி வைத்தது நான். அப்பா சிரிப்பது அவளுக்குக் கேட்க டிவிக்குப் பக்கத்தில் சின்ன மைக் வைத்தேன். அக்கா குரல் டிவியில் வரும்.

"டிரைவர் சார், கொஞ்சம் பிரேக்கப் புடிங்க. என்னை இடிச்சுத் தள்ளிட்டுப் போறீங்களே."

அப்பா சிரிப்பார். வாய் ஒரு பக்கமாகக் கோணும், ஆனாலும் சிரிப்புதான்.

ஹாரன் ஏற்பாடு அக்காவுடையது. ஒருமுறை அடித்தால் ஆமாம். இரண்டு முறை அடித்தால் இல்லை. சாப்பிட்டீங்களாப்பா? ஒரு ஹாரன். கால் வலி இருக்கா? இரண்டு. வாய் போன மனிதருக்கு மறுபடி வாய் வந்த மாதிரி இருந்தது.

அப்போது உண்மையாகவே இணைப்பு அறுந்து அறுந்து போனது. பாதி வழியில் அக்காவின் லாரி காணாமல் போகும். அப்பா திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். அதைச் சரி செய்ததும் நான்தான். வைஃபை சேனல் மாற்றினேன், ரௌட்டரை அலமாரி மேல் ஏற்றினேன், அதிலும் சரிவராமல் கதவு நிலைக்கு மேலே துளை போட்டு வயரே இழுத்தேன். ஒரு விடுமுறை நாள் முழுக்கப் போனது. முடிந்ததும் அக்கா கேட்டாள்: "அப்பா, இப்ப க்ளியரா இருக்கா?" ஒரு ஹாரன். இருவரும் கிளம்பிப் போய்விட்டார்கள். நான் தலையெல்லாம் சிமெண்டுத் தூளோடு ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் கிளம்பினால் மாலையில்தான் திரும்புவேன். பகலுக்கு ஆள் வைத்துப் பார்த்தோம், எவரும் நிலைக்கவில்லை. நான் வரும்போது படுக்கை நனைந்து கிடக்கும். விரிப்பை உருவி, அவரைப் புரட்டி, துடைத்து, துவைத்து, அப்புறம்தான் சமையல். எனவே பகலில் தண்ணீரைக் குறைத்தேன். காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர். விரிப்பு காய்ந்தே இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவருக்கும் அது மரியாதைதானே.

ஒருநாள் லேபில் மின்சாரம் போய்விட்டது. மதியமே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறக்கும்போது டிவியில் அக்கா குரல் கேட்டது. நான் வந்தது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

"அப்பா, தம்பி நல்லாப் பாத்துக்கறானா?"

டிவியில் லாரி இன்ஜின் சத்தம் நின்றது. பிறகு இரண்டு ஹாரன்.

"என்னப்பா, கை தவறிப் பட்டிருச்சா?"

இரண்டு.

அக்காவின் குரல் இறங்கியது. "சாப்பாடு தர்றானா?" ஒன்று. "அடிக்கறானா?" இரண்டு. "தண்ணி? தண்ணி குடுக்கறானா?"

இரண்டு ஹாரன். நிறுத்தி, மறுபடியும் இரண்டு.

நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே வெளியே போய், தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்து, வழக்கமான நேரத்துக்குத் திரும்பி வந்தேன். அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். ராத்திரி அக்கா போன் செய்தாள்.

"தப்பா எடுத்துக்காதடா. அப்பாவுக்குத் தண்ணி சரியாக் குடுக்கறியா?"

"குடுக்காம இருப்பேனாக்கா? கை நடுங்குது அவருக்கு. எதையாவது அழுத்திடறார்."

"அப்படித்தான் இருக்கும். எதுக்கும் நாளைக்கு இன்னொரு வாட்டி கேட்டுப் பாக்கறேன்."

அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை.

ரௌட்டருக்குள் போனால் வீட்டில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைத் தடைப்பட்டியலில் போட்டால் அதற்கு மட்டும் இன்டர்நெட் கிடைக்காது. கன்சோலுக்கு வயருக்கு ஓர் எண், வைஃபைக்கு ஓர் எண். இரண்டையும் போட்டேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா சும்மா இருக்கவில்லை. தினமும் டியூட்டி முடிந்து போன் செய்வாள். "ஆஃப் பண்ணிக் கொஞ்ச நேரம் விட்டுப் போடு." போட்டேன். "வயரைப் பிடுங்கிட்டு வைஃபைல பாரு." பார்த்தேன். "டெஸ்ட் குடுத்தா என்ன வருது?" வந்ததை அப்படியே படித்தேன்: வீட்டு நெட்வொர்க் சரி, இன்டர்நெட் தோல்வி. "டிஎன்எஸ் செட்டிங் மாத்திப் பாக்கலாமா?" மாற்றினோம். எதிலும் நான் பொய் சொல்லவில்லை மேடம். அவள் சொன்னதையெல்லாம் செய்தேன், வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேட்காதது ஒன்றுதான்.

"பாவம்டா நீ, உன்னையும் படுத்தறேன்," என்பாள். அக்கா என்னோடு அவ்வளவு பேசியது அந்த நாட்களில்தான். முன்பெல்லாம் அப்பா எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

வீடியோ காலில் அப்பாவைக் காட்டச் சொல்வாள். காட்டுவேன். போனைப் பிடித்திருப்பது நான். "அப்பா, நல்லா இருக்கீங்களா? தலையை ஆட்டுங்க." அவர் அக்காவைப் பார்க்க மாட்டார். போனுக்கு மேலே தெரியும் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு மெல்லத் தலையாட்டுவார்.

கடைசியில் அக்கா அங்கிருந்தே நெட் கம்பெனியில் புகார் கொடுத்து ஆளை அனுப்பிவிட்டாள். நல்ல மனிதர், பையோடு வந்தார். அவர் போனில் இன்டர்நெட் வந்தது, என் லேப்டாப்பில் வந்தது, கன்சோலில் மட்டும் வரவில்லை.

"ரௌட்டர்ல யாரோ பிளாக் பண்ணிவெச்ச மாதிரி இருக்கு சார். பாஸ்வேர்ட் சொல்லுங்க, உள்ள போய்ப் பாத்துடலாம்."

"அது அக்கா வெச்சது. எனக்குத் தெரியாது."

"அப்ப ரீசெட் அடிச்சிடலாமா?"

"வேண்டாங்க. லேப் வேலையெல்லாம் இதுலதான் ஓடுது. ஏடாகூடமா ஆயிட்டா?"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஹாரன் கேட்டது. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் அந்தக் கேமில் தனியாக ஓட்டலாம். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி லாரியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டு, அந்த ஆளையே பார்த்துக்கொண்டு ஹாரன் அடித்தார். இரண்டு. நிறுத்தி, இரண்டு. மறுபடி இரண்டு. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பக்கவாதக்காரர்களுக்கு அப்படி வழிவதுண்டு.

நெட்காரர் சிரித்தார். "ஐயா ஜோரா ஓட்டறீங்களே! டிராஃபிக்ல மாட்டிக்கிட்டீங்களா? கவலைப்படாதீங்க, சரி பண்ணிடலாம்."

அப்பா இடது கையை அவரை நோக்கி நீட்டினார். அவர் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கன்சோலைச் சர்வீஸுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால்தான் கன்சோலை எடுத்து அலமாரியில் வைத்தேன். ஓடாத ஒன்றைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு மனிதர் ஏங்குவானேன்?

அதன் பிறகு அவர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்தார். கீழ்வீட்டில் தையல் தைக்கும் அம்மா மேலே வந்து, "பெரியவருக்கு ஏதாச்சும் வேணுமாப்பா?" என்று கேட்டார். தூக்கத்தில் கை ஆடுகிறது என்றேன். மறுநாளிலிருந்து நான் வெளியே போகும்போது இடது மணிக்கட்டைத் துண்டால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். மெத்தென்ற துண்டுதான். நீங்கள் சொன்ன தழும்பு, அவர் இழுத்ததால் வந்தது. நான் இறுக்கிக் கட்டவில்லை.

பிறகு அக்கா போன் செய்து, லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றாள். "நானே வந்து அந்தப் பெட்டியைப் பாக்கறேன். அப்பாவையும் பாத்த மாதிரி இருக்கும்." சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சந்தோஷம் என்றேன். அவள் பக்கத்தில் உட்காருவாள். கேட்பாள். நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க முடியாது.

மறுநாள் காலை அவர் தலையைச் சீவிவிட்டேன். வழக்கமாகக் கொடுக்கும் டம்ளரை நிரப்பி, ஜன்னல் திட்டில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையைக் கட்டினேன், கதவைப் பூட்டினேன், லேபுக்குப் போனேன். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. லேபின் பின்னறையில் பாய் விரித்துப் படுத்தேன். அடுத்த நாளும் போகவில்லை. போகக்கூடாது என்று தீர்மானித்ததில்லை. கிளம்பலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் செருப்பைப் போட்டேன். கால் அந்தத் தெருப்பக்கம் திரும்பவில்லை. நல்ல வெயில் காலம் என்பது தெரியும். இடையில் அக்கா போன் செய்தாள். அப்பா தூங்குகிறார் என்றேன். "சரி, எழுப்பாத," என்றாள்.

தையல்கார அம்மாதான் ஆள் கூட்டிவந்து பூட்டை உடைத்தாராம். அப்போது அப்பாவுக்கு உயிர் இல்லையாம்.

டம்ளர் ஜன்னல் திட்டில் எப்படி வந்தது, மறந்து வைத்தாயா என்று இரண்டு முறை கேட்டீர்கள். மறக்கவில்லை. அவருக்கு எட்டாது என்று தெரிந்து வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா வந்து இறங்கினால் நேராக இங்கே ஸ்டேஷனுக்குத்தான் வருவாள். தாங்க மாட்டாள். என் சார்பில் அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள் மேடம்: இத்தனை நாள் நான்தான் பார்த்துக்கொண்டேன், என் முகத்துக்கு நேரே அப்பா ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லை.