புதுக் கிளச் போட்ட கார்

இல்லை கொட்வின் அண்ணை, நான் காரை ஓடிக் காட்டமாட்டன். என்ர லைசென்ஸ் ஒட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான். சிரிக்காதேங்கோ. அப்பாவும் இப்பிடித்தான் சிரிச்சவர், பிறகு ரெண்டு கிழமை என்னோட கதைக்கேல்லை. கிளச் இல்லாமல் எடுத்ததெல்லாம் ஒரு லைசென்ஸே எண்டு கோயில்ல வாறவன் போறவனுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சவர். கார்த் திறப்பை நீங்களே வைச்சிருங்கோ. ஆனா ஓட முதல் நான் சொல்றதைக் கேளுங்கோ. ஹனாவ்ல இருந்து ரெண்டு ரயில் மாறி வந்திருக்கிறியள். வெள்ளிக்கிழமைக்கு முதல் இது போகவேணும்தான், அதுக்காகப் பொய் சொல்லி விக்க எனக்கு ஏலாது.

ஓம், கிளச் புதுசுதான். பழசு எரிஞ்சது. ஒரே பின்னேரத்தில எரிஞ்சு முடிஞ்சுது. அந்த மணம் இருக்கே, பழைய சப்பாத்தையும் தலைமயிரையும் சேர்த்துக் கொளுத்தின மாதிரி.

பின்னுக்குக் கொக்கி பாத்தனீங்களெல்லோ. காரவன் இழுக்கப் பூட்டினது. கோயில் தேருக்குப் போறதெண்டா எங்கட ஆக்கள் ஒரு வீட்டுக்குள்ள நாலு குடும்பம் படுப்பினம், உங்களுக்கும் தெரியும்தானே. ஒரு கக்கூஸுக்குப் பதினேழு பேர். சீ. அப்பாவுக்கும் அது பிடிக்காது. அதுதான் படுக்கச் சமைக்க வசதியுள்ள ஒரு பழைய காரவன் வாங்கினவர். அவற்ர வாழ்க்கையில எனக்குப் பிடிச்ச ஒரே முடிவு.

வாங்கின நாளே மதீசன் மாமா, அம்மான்ர தம்பி, சொன்னவர். அத்தான், இழுக்கிறதெண்டா ஒட்டோமேட்டிக் கார் வேணும், பின்னுக்கு எடுக்கேக்க பிரேக்கை மெல்ல விட்டாக் காணும், தானே ஊரும் எண்டு. அப்பா சொன்ன மறுமொழி எனக்கு அப்பிடியே ஞாபகம் இருக்கு. ஒட்டோமேட்டிக் கால் ஏலாதவன்ர வாகனம், எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு.

பிறகென்ன, அந்த மாரி முழுக்க இதே கதைதான். எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும் தின்னுற ரோல்ஸைக் கையில வைச்சுக்கொண்டு ரெண்டு பேரும் துவங்கிடுவினம். மலை இறங்கேக்க ரெண்டாம் கியரைப் போட்டா எஞ்சினே பிடிக்கும், உன்ர வண்டி உருண்டு போய் ஆத்துக்க விழும் எண்டுவார் அப்பா. ஒட்டோமேட்டிக்கிலயும் கியரை இறக்கிப் பிடிக்கலாம். அது மாமாக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் அரைவாசிதான் தெரியும், சத்தம் மட்டும் முழுசு. நான் சொன்னா, நீ பள்ளிக்கூடத்தையே முடிக்காதவள், வாயை மூடு எண்டுவார் அப்பா.

ஓம் அண்ணை, விட்டிட்டன். பத்தாம் வகுப்போட போதும். அது வேற கதை.

தேருக்கு வெளிக்கிடேக்க எலுமிச்சம்பழம் காருக்கு நாலு, காரவனுக்கு ரெண்டு. அதோட நிண்டிருந்தாப் பரவாயில்லை. அன்னதானத்துக்கெண்டு காரவனுக்குள்ள அரிசி மூட்டை, வெங்காய மூட்டை, கிடாரம், கிரைண்டர். கட்டிலுக்குக் கீழ தேங்காய். இவ்வளவு பாரம் ஏத்தக்கூடாது எண்டு காரவன் கதவிலயே எழுதிக் கிடக்கு. சாமிக்குக் கொண்டுபோறது பாரமே எண்டு அப்பா கேக்கிறார். அதுக்கு மேல நேர்த்தி. தேர் முடியுமட்டும் காலில செருப்புப் போடமாட்டாராம். வெறுங்காலோடதான் ஓடினவர்.

காரவன் விடுற காம்பிங்ல எங்களுக்குத் தந்த இடம் ஏத்தம். பின்பக்கமா ஏத்தி விடவேணும். மாமா ஸ்டியறிங்கை வலத்தை ஒடி எண்டுறார், அம்மா இடத்தை எண்டுறா, சித்தி வீடியோ எடுக்கிறா. காரவன் நீங்கள் ஒடிக்கிறதுக்கு எதிர்ப்பக்கம்தான் போகும், அது அவையில ஒருத்தருக்கும் தெரியேல்லை. சுத்திவர ஜேர்மன்காரர் கதிரை போட்டுக் கோப்பி குடிச்சுக்கொண்டு பாக்கினம். ஒருத்தர் எழும்பி வந்து காரவனைக் கழட்டிவிடுங்கோ, எல்லாருமாக் கையால தள்ளுவம் எண்டவர். நல்ல மனுசன். அப்பா வேண்டாமாம்.

நான் பக்கத்து சீற்ல. மணக்கத் துவங்கிட்டுது. குனிஞ்சு பாத்தா அவற்ர இடது கால் கிளச்சில கிடக்கு. அரைவாசி அமத்தினபடி. அப்பா, காலை எடுங்கோ எண்டன். எடுத்திட்டன் எண்டார். எடுக்கேல்லை. நான் பாத்துக்கொண்டிருக்கிறன், கால் அங்கதான் கிடக்கு. திரும்பச் சொன்னன், திரும்ப எடுத்திட்டன் எண்டார். முன்னுக்கால புகை வந்திட்டுது. கார் நிண்டிட்டுது. நான் இறங்கி அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்னன், நீங்கள் பொய் சொல்றியள் அப்பா, உங்களுக்குத் தோக்கத் தெரியாது எண்டு.

அவர் குனிஞ்சு தன்ர காலைப் பாத்தார். வேற ஆரோ ஒருத்தற்ர காலைப் பாக்கிற மாதிரி.

கராஜ்காரனும் அதைத்தான் சொன்னவன். ஆரோ கிளச்சில காலை வைச்சபடியே கன காலம் ஓடியிருக்கினமாம்.

இல்லையண்ணை, எஞ்சினில ஒரு பிழையும் இல்லை. கியர் பெட்டியும் சுகம். அப்ப ஏன் விக்கிறியள் எண்டு கேக்கிறியள், கேக்கத்தானே வேணும்.

ரெண்டு நாள் கழிச்சுத் தேர். நல்ல வெயில், தார் றோட்டு. எல்லாரும் ஒருகாலை மாத்தி ஒருகால் துள்ளிக்கொண்டு போகினம், அப்பா மட்டும் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி நடக்கிறார். பாருங்கோ அரியரத்தினத்தாற்ர பக்தியை எண்டு சனம் சொன்னது. எனக்கு உதெல்லாம் படம் காட்டுற வேலை எண்டு பத்திக்கொண்டு வந்தது. அவருக்குச் சுடவேயில்லை அண்ணை. கன வருசமா நீரிழிவு. முழங்காலுக்குக் கீழ ஒண்டும் தெரியாமல் இருந்திருக்கு, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. தாரில சுட்டு உள்ளங்கால் பொங்கினதுக்கும் காலுறையைப் போட்டு மறைச்சுக்கொண்டு திரிஞ்சவர். வலதை ஒரு மாதிரிக் காப்பாத்திட்டினம். இடதைப் போன மாதம் முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு.

வெள்ளிக்கிழமை அப்பா ஆஸ்பத்திரியால வீட்டை வாறார். மாமா ஒரு ஒட்டோமேட்டிக் பாத்து வைச்சிருக்கிறார், இதே நிறம். டொக்டரின்ர பத்திரம், ஓடிக் காட்டுறது, அதெல்லாம் பிறகு. வரேக்க வாசல்ல அது நிக்கவேணும், இது நிக்கக்கூடாது. இதை விக்க அப்பா ஆஸ்பத்திரியிலயே கையெழுத்து வைச்சுத் தந்திட்டார்.

சரி, ஏறுங்கோ. கிளச் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். கராஜ்காரன் கொண்டுவந்து விட்டவன், அதுக்குப் பிறகு ஒருத்தரும் மிதிக்கேல்லை.