பயந்து பயந்தே ஏரியை நிரப்பிய ஜெபசீலன் அவர்களுக்கு

வானம் கறுத்தால் வதனம் வெளுக்கும் வள்ளலே, குழாய் சொட்டினால் குலை நடுங்கும் கோமகனே, கோடையைக் கண்டும் அஞ்சி, கார்காலத்தைக் கண்டும் அஞ்சி, இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் இனி எது வருமோ என்று அஞ்சி, அச்சத்தையே அன்றாட அலுவலாக ஆற்றிய அருமை நண்பரே, நம் மாநகராட்சியின் முதல் நீர்ச் சேமிப்பு ஒருங்கிணைப்பாளராய் வாழ்ந்து, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் திருமிகு ஜெபசீலன் அவர்களே, வணக்கம்.

வீரத்தைப் போற்றி விழா எடுப்பது உலக வழக்கம். பயத்தைப் போற்றிப் பொன்னாடை போர்த்தும் பாக்கியம் நம் அலுவலகத்துக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. இதை நான் வாசிக்கும் இந்த நொடியில் தாங்கள் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருப்பீர்கள். சாய்ந்தால் நாற்காலி சரியும் என்று பயம். சந்தன மாலைக்குள் எறும்பு இருக்கும் என்று பயம். மைக்கைக் கையில் கொடுத்தால் ஷாக் அடிக்கும் என்று பயம். நிமிர்ந்து பார்த்துச் சொல்லவில்லை, இந்தப் பத்தியை நேற்றே எழுதிவிட்டேன்.

எழுதச் சொன்னவர்கள் ஊழியர்கள். எழுதியவன், சில ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில் மாலையோடு நின்று, இதே அலுவலக ஜீப்பில் வீடு போய்ச் சேர்ந்த கண்காணிப்பாளர் ஸ்ரீநிவாசராகவன். ஓய்வு என்பது எத்தனை ருசியான பண்டம் என்று தங்களிடம் சொல்ல எனக்கு நாக்கு துடிக்கிறது. காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு தூக்கம் இருக்கிறதே, அதற்கு ஈடாக இந்தக் கட்டடத்தையே எழுதிக் கொடுக்கலாம். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்பவன் என்பதைச் சபை அறியும். பாதியைத் தள்ளிவிடுங்கள், மீதிப் பாதி சத்தியம்.

தங்கள் பதவி பிறந்த கதையைப் புதியவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஒரு கோடையில் தாம்பரம் முழுவதும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. அதே ஆண்டு மழையில் அதே குடங்கள் தெருவில் மிதந்து போயின. மாமன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "தண்ணிக்கு இங்க யார்தாங்க பொறுப்பு" என்று கேட்டார். குடிநீர்ப் பிரிவு குழாய்க்குள் இருப்பதே தன்னுடையது என்றது. வடிகால் பிரிவு காவாயில் ஓடுவதே தன்னுடையது என்றது. ஏரியில் நிற்பது வேறொரு துறையுடையது. பூமிக்குள் இறங்குவது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரையும் சேர்த்துப் பேச ஒரே ஓர் ஆள் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறி, ஒருங்கிணைப்பாளர் பணியிடம் உருவானது. மேசை உருவாகவில்லை, ஜீப் உருவாகவில்லை, யாருக்கும் உத்தரவிடும் அதிகாரமும் உருவாகவில்லை. வறண்டாலும் திட்டு, மூழ்கினாலும் திட்டு என்று கண்டுகொண்ட ஊழியர்கள் அந்த வாரம் முழுவதும் ஆணையர் அறை இருக்கும் மாடிக்கே போகவில்லை. போன ஒரே ஆள் தாங்கள், அதுவும் வேறு ஏதோ கையெழுத்துக்காக.

"என்ன ஜெபசீலன், நீங்க எடுத்துக்கறீங்களா?" என்றார் ஆணையர்.

"மாட்டேன்னு சொல்லப் பயமா இருக்கு மேடம்" என்றீர்கள். அப்படித்தான் இந்த மாநகருக்கு நீர்க் காவலர் கிடைத்தார்.

அதன்பின் தாங்கள் ஆற்றிய அருஞ்செயல்களை அடுக்கினால் அச்சகத்தில் தாள் தீர்ந்துவிடும். மிரட்டியவரல்லர் தாங்கள். பயந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றவர். அதுவே போதுமானதாக இருந்தது. குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலை ஓட்டல்காரர் ஒருவர், "சார், உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே சோறு எறங்கல, சாயங்காலத்துக்குள்ள ஒழுகற எல்லாக் குழாயையும் மாத்திடறேன், தயவுசெஞ்சு கெளம்புங்க, கஸ்டமர் பயப்படறாங்க" என்றாராம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தங்கள் தலை தெரிந்ததும் வண்ண மீன் விற்பவர் மீன்களை மட்டும் வெளியே விட்டுவிட்டுத் தண்ணீரை ஒளித்து வைத்தார் என்று கேள்வி. இது நான் கட்டிய கதையல்ல. வருவாய்ப் பிரிவு எழில் கட்டியது, நான் மீனுக்கு வண்ணம் மட்டும் தீட்டினேன்.

கோவளத்தில் நடந்ததை நானே கண்ணால் கண்டேன். மழை முடிந்த மறுநாள் என்னையும் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போனீர்கள். நம் தெருக்களில் நின்ற வெள்ளம் அங்கே கலங்கலாய்க் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. தாங்கள் அதைப் பார்த்தபடி கைகட்டி நின்ற நிலையைக் கண்டு மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையை இறக்கிவிட்டு, "இன்னா சார், யாராச்சும் பூட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. நம்ம தண்ணி" என்றீர்கள்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, அன்று மட்டும்.

இனிச் சொல்லப்போவது மதில் இடித்த மகாத்மியம். செங்கழனி ஏரிக்கு நீர் வரும் கால்வாயின் குறுக்கே, கார் நிறுத்த இடம் வேண்டி, கனகவல்லி மஹால் என்ற திருமண மண்டபம் ஒரு மதிலை எழுப்பியிருந்தது. சென்ற ஆண்டு நவம்பரில் இரண்டு நாள் மழையிலேயே ஆறாவது தெரு நிரம்பியது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஏரி பாதி காலியாகக் கிடந்தது. இந்தப் பக்கம் அந்தத் தெரு மூதாட்டி செல்லம்மாவின் வீட்டில் கட்டிலின் மேல் நாற்காலியும், நாற்காலியின் மேல் அரிசி மூட்டையும், அரிசி மூட்டையை அணைத்துக்கொண்டு செல்லம்மாவும் இருந்தார்கள். தண்ணீர் கட்டிலைத் தொட்டுவிட்டது. அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆறாத காலம். இறங்கி நடக்க முடியாது.

அது ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வெள்ளைச் சட்டையோடு, வேதப்புத்தகத்தை நெகிழிப் பைக்குள் வைத்துக்கொண்டு தாங்கள் நேரே அங்கு வந்தீர்கள். மின்வாரியம், வடிகால் பிரிவு, வருவாய்த் துறை, காவல் நிலையம் என்று, மதிலை இடிக்கச் சம்மதம் வேண்டி வரிசையாகப் போன் போட்டீர்கள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "மத்தவங்க எல்லாம் ஓகே சொல்லிட்டாங்களா சார்?"

வாழ்நாளில் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஒரு நிறுத்தம்கூடப் போகாத தாங்கள், ஒவ்வொருவரிடமும் சொன்னீர்கள்: "எல்லாரும் சொல்லிட்டாங்க. உங்க ஒருத்தர் பதிலுக்குத்தான் நிக்கறோம்."

ஒருங்கிணைப்பு என்ற கலைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இனி எழுதப்படப் போவதில்லை. அரை மணியில் அனைவரும் சம்மதித்துவிட்டார்கள். ஜேசிபி ஓட்டி வந்த மாரி மதிலையும் தங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், கை இப்டி ஆடுது. நீயே நடுங்கிகினு இருந்தா நான் எப்டி இடிக்கிறது?"

"கையப் பாக்காதப்பா. செவுத்தப் பாரு."

முதல் இடியிலேயே மண்டபத்துக்குள் நாதஸ்வரம் நின்றுவிட்டது. பாயச வாளியோடு பரிமாறுபவர்கள், பாதி சாப்பாட்டோடு விருந்தினர்கள், மாலையோடு மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் மண்டப உரிமையாளர் என்று ஊர்வலமே வெளியே வந்தது.

"யோவ், யார்யா நீ?"

"கோஆர்டினேட்டர் சார்."

"அப்படின்னா?"

"எல்லாரையும் ஒண்ணு சேத்து வைக்கிறவன் சார்."

"அது கல்யாண புரோக்கர் வேலையாச்சே. அதுக்கு முன்வாசல் வழியா வரணும்யா, எதுக்கு செவுத்த இடிக்கிற?"

அதற்குப் பதிலைத் தண்ணீர் சொன்னது. இடித்த இடத்தில் அது பாய்ந்த வேகத்தில் ஏரியே ஓரடி பின்வாங்கியது என்பேன். தள்ள வேண்டிய பாதியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் செல்லம்மா கட்டிலிலிருந்து இறக்கப்பட்டதும், இந்த மே மாதம் ஏரியைச் சுற்றிய தெருக்களில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்கவில்லை என்பதும் கலப்படம் இல்லாதவை.

அன்றிலிருந்து தங்கள் பயம் இன்னொரு பிறவி எடுத்தது. மண்டப உரிமையாளர் புகார் கொடுத்தார்: ஒருங்கிணைப்பாளர் ஒருங்கிணைக்கலாமே தவிர இடிக்கக் கூடாது என்று. விசாரணை இன்னும் முடியவில்லை. கடைசி நாளில் சஸ்பெண்ட் செய்யும் பழக்கமெல்லாம் போய்விட்டது என்று எல்லாரும் சொல்லியும், இந்த மாதம் முழுவதும் தபால்காரர் படியேறினால் தாங்கள் படியிறங்கினீர்கள்.

ஆனால் அந்தப் பயம் சிறியது. தங்களை உருக்கிய பயம் வேறு என்பதை நாங்கள் அறிவோம். இந்தப் பணியிடம் தற்காலிகமானது. இன்று அலுவலகம் மூடுவதற்குள் பொறுப்பை ஒருவர் கையில் ஒப்படைக்காவிட்டால், காலியிடமாகி, அரசிடமே சரண்டர் செய்யப்பட்டு, இருந்த சுவடே தெரியாமல் போய்விடும். தடுக்க ஆளில்லாத அந்த நாளுக்காகவே மண்டபத்தார் காத்திருந்தார்கள். போன வாரமே இடித்த இடத்துக்குப் பக்கத்தில் மணல் கொட்டியாகிவிட்டது. ஹாலோ பிளாக் கற்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியாகிவிட்டது. நாளை அக்டோபர் பிறக்கிறது. மழைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில், மதிலுக்கும் நாள் பார்த்துவிட்டார்கள்.

தாங்கள் ஒவ்வொரு மேசையாக வந்து, "யாராவது சார்ஜ் எடுத்துக்கிட்டா நல்லா இருக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். அப்போது இந்த அலுவலகத்தின் வீரர்கள் காட்டிய பராக்கிரமத்தைப் பதிவு செய்யாவிட்டால் என் பேனா வெட்கும். எழிலுக்கு அந்த நிமிடமே தலை சுற்றியது. பிரிட்டோ வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. சுபத்ரா அம்மையார் மகள் கல்யாணம் நெருங்குகிறது என்றார். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எல்லாருக்கும் புகாரைக் கண்டு பயம், மண்டபத்தைக் கண்டு பயம். முன்வரிசையில் தலை குனிந்திருப்பவர்களே, நிமிருங்கள். நானும் இங்கே வேலையில் இருந்திருந்தால் உங்களோடுதான் குனிந்திருப்பேன்.

ஜெபசீலன் அவர்களே, இனி வருவது தாங்கள் அறியாத செய்தி. இன்று முற்பகலில் நடந்தது. தங்களிடம் சொல்லக் கூடாது என்று எல்லார் வாயையும் கட்டிவிட்டு, அச்சகத்திலிருந்து மடலைத் திரும்ப வாங்கி இந்தப் பகுதியைச் சேர்த்தேன்.

வடிகால் பிரிவில் நம் ஜோசலின் அம்மையார் இருக்கிறாரே, ஒரு பல்லி விழுந்தால் அரை நாள் விடுப்பு எடுப்பவர், அவர் இன்று ஸ்கூட்டரில் ஏரிப் பக்கமாக வந்திருக்கிறார். மண்டபத்தார் நாளை வரைகூடப் பொறுக்கவில்லை. கொத்தனார் கலவை போட்டு, முதல் வரிசைக் கல்லை வைத்துக்கொண்டிருந்தார். ஜோசலின் வண்டியை நிறுத்தினார். நிறுத்தினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கால் நடுங்கியதில் வண்டி தானாக மணலில் சாய்ந்தது.

"நிறுத்துங்க" என்றார்.

கொத்தனார் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டார்: "நீங்க யாரு மேடம்?"

அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்று ஜோசலினுக்கே தெரிந்திருக்கவில்லை. "நான்தான் கோஆர்டினேட்டர். புதுசா வந்திருக்கேன்."

"ஜெபசீலன் சார் போனப்புறம் யாரும் வரமாட்டாங்கன்னாரே முதலாளி."

"அவரு இன்னும் போகவே இல்லியே. நான் வந்துட்டேன். கல்ல எடுங்க."

கொத்தனார் கல்லை எடுத்துவிட்டார். இவர் அழுதுகொண்டே ஸ்கூட்டரைத் தள்ளி, ஸ்டார்ட் செய்து, மூச்சு வாங்க ஆணையர் அறைக்கு வந்தார். எழில் வாசலில் நின்று கேட்டதை அப்படியே எழுதுகிறேன், இதில் என் கைச்சரக்கு ஏதும் இல்லை.

"மேடம், நான் ஒரு பெரிய பொய் சொல்லிட்டேன். சாயங்காலத்துக்குள்ள அத உண்மையாக்கிக் குடுங்க."

விவரம் கேட்ட ஆணையர், "அந்தப் புகாருக்கும் நீங்கதான் பதில் சொல்ல வேண்டி வரும் ஜோசலின். பயமா இல்லியா?" என்றார்.

"ரொம்பப் பயமா இருக்கு மேடம். அந்தக் கல்லப் பாத்ததுதான் அதவிடப் பயமா இருந்துச்சு."

உத்தரவு கையெழுத்தாகிவிட்டது, ஐயா. தங்கள் இடப்பக்கம் மூன்றாவது நாற்காலியில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருப்பவர்தான் தங்களுக்குப் பின் வரும் ஒருங்கிணைப்பாளர். வாசித்து முடித்ததும் பொறுப்பை அவர் கையில் ஒப்படையுங்கள். இருவர் கையும் ஆடும். இடையில் யாராவது பிடித்துக்கொள்வோம். சற்றுமுன் பிரிட்டோ ஒரு மேசையைத் தூக்கி வந்து அவருக்காகப் போட்டிருக்கிறார். அந்தப் பதவி உருவானதிலிருந்து அதற்குக் கிடைத்த முதல் மேசை.

தங்கள் அன்புத் துணைவியார் சாராள் அம்மையாரோடு நீடு நலமுடன் வாழ்க. தங்கள் இரத்த அழுத்தம் ஏறாமல் இருக்கட்டும். இறங்கினாலும் பயப்படுவீர்கள், ஆகவே இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இனி மேகம் திரண்டால் போனை எடுக்காதீர்கள், ஏரிக்கு ஓடாதீர்கள், என்னைப் பஸ்ஸில் ஏற்றாதீர்கள். இந்த ஊரில் மழை வந்தால் மற்ற மனிதர்களெல்லாம் என்ன செய்கிறார்கள் என்று தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வெங்காய பஜ்ஜி போடுவார்கள். சூடாக, சன்னல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இன்று மாலை முதல் தங்களுக்குப் பதிலாகப் பயப்படும்,
அலுவலக ஊழியர்கள் அனைவரும்