பெரியக்காவின் நீல ஷூ

போன வருடம் பாதயாத்திரை முடிந்து வந்த அன்று சாயங்காலம், பெரியக்கா தன் நீல ஷூ இரண்டையும் வாளித் தண்ணீரில் முக்கி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, சமையலறை ஜன்னலில் வைத்தாள். "ரெண்டு நாள்ல காஞ்சிடும். நீ எடுத்து உள்ள வச்சிடாதே, நாத்தம் அடிக்கும்" என்று தங்கையிடம் சொன்னாள். ஷூ காய இரண்டு நாள் ஆனது. பெரியக்கா அதுவரை உயிரோடு இருக்கவில்லை.

தங்கைக்கு அறுபது நெருங்குகிறது. மாதா கோயில் பங்கில் எல்லாருக்கும் இன்னும் சின்னக்காதான். இந்த வருடப் பாதயாத்திரைக்கு முந்தின நாள், ஒழுகும் ஹால் கூரைக்காகப் பழைய சாமான் விற்பனை நடந்தது. ஒரு மேஜை அவள் பொறுப்பு. ஒரு வருடமாக ஜன்னலிலேயே இருந்த ஷூவை, வாய் பிளந்த அடிப்பாகத்தை எதிர்க்கடையில் ஒட்டக் கொடுக்கலாம் என்று தனிப் பையில் எடுத்துப் போயிருந்தாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பையைக் காணவில்லை. யாரிடம் போனது என்று விசாரித்து முடிப்பதற்குள் விடிந்து, யாத்திரையும் கிளம்பிவிட்டது. விற்காத சாமான்களுக்கு நடுவில் நின்றபடி, விசில் ஊதி யாத்திரையை நடத்திப் போகிறவருக்குப் போன் போட்டாள்.

"ஹலோ... ஹலோ, விசில் அண்ணனா? சின்னக்கா பேசறேன்... சின்னக்கா! ஊதறத நிறுத்திட்டுக் காதைக் குடுங்கண்ணே... ஆங், இப்பக் கேக்குது.

"எங்க இருக்கீங்க?... பாலம் தாண்டியாச்சா? பரவாயில்லையே... ஜெபமாலை எத்தனை முடிஞ்சுது?... மூணா! அதுக்குள்ளயா! ஃபாதர் முன்னால போறாரா, இல்ல அவரையும் தள்ளிக்கிட்டுப் போறீங்களா?... ஆமா, ஆமா, தண்ணி வேன் கெளம்பிடுச்சு. இப்ப வந்துடும்... இல்லண்ணே, நான் அதுக்குக் கூப்பிடல.

"உங்க கூட்டத்துல ஒரு தையல்காரம்மா நடக்கறாங்களே, பங்குக்குப் புதுசா வந்தவங்க... ஆமா, ஆமா, அவங்கதான். காலையில அவங்க கால்ல என்ன போட்டிருந்தாங்கன்னு கவனிச்சீங்களா?... நீங்க ஏன் பொம்பளைங்க காலைப் பாக்கப் போறீங்க, சரி, இருந்தாலும்... நீலமா?... வெள்ளை லேஸா?... ஐயோ.

"அது விக்க வச்சதே இல்லண்ணே. மேஜைக்குக் கீழ தனியாப் பையில இருந்துச்சு. நான் டீ குடிக்கப் போன பத்து நிமிஷத்துல நம்ம பாட்டு வாத்தியார் வித்துட்டாரு... ஆமா! பூசையில ஒரு பாட்டை ஒழுங்கா முடிக்கத் தெரியாது, வியாபாரத்தை மட்டும் ஜோரா முடிச்சிட்டாரு... கேட்டா, 'கூரைக்குத்தானே சின்னக்கா'ங்கறாரு... சிரிக்காதீங்க... யாரோடதா? பெரியக்காவோடது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஹலோ? இருக்கீங்களா?... சரி, சரி, நீங்களே அழுதா விசிலை யாரு ஊதறது? மூக்கைத் துடைங்க. அந்தம்மாகிட்ட போனைக் குடுங்க... பக்கத்துல இல்லையா?... கடைசியிலயா? எவ்வளவு பின்னால?... ம், அந்த ஷூவுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பதினாலு வருஷமா கடைசியாத்தானே போயிருக்கு... ஆமா, அக்காவைக் கூட்டிட்டு வர எத்தனை தடவை திரும்பி நடந்திருப்பீங்க... இன்னும் ஒரு தடவை நடங்க. நான் வைக்கல, இருக்கேன்."

என்ன சொல்வது என்று சின்னக்கா காலையிலேயே தீர்மானித்திருந்தாள். புது ஜோடி ஒன்று வாங்கி, வேனில் ஏற்றியாகிவிட்டது. பழையது அதே வேனில் திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான்.

"ஹலோ... வணக்கம்மா. நான் ஹால்ல சாசர் இல்லாத கப்பெல்லாம் வித்துட்டு இருந்தேனே... ஆமா, ஆமா, கண்ணாடி போட்டவங்க. மொதல்ல உக்காருங்க, உங்களுக்கு மூச்சு வாங்குது.

"அந்த ஷூ... ஓ, வழியிலேயே சொல்லிட்டாரா? அவருக்கு விசிலும் நிக்காது, வாயும் நிக்காது... இல்லம்மா, நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க? நீங்க காசு குடுத்துதானே வாங்கினீங்க... கேளுங்க. வேன்ல டிரைவர் சீட்டுக்குப் பின்னால புது ஜோடி ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு இதை அவர்கிட்ட... கழட்டறீங்களா? இப்பவேவா? வெறுங்காலோட ரோட்டுல நிக்காதீங்கம்மா! போடுங்க, போடுங்க மொதல்ல.

"என்ன அட்டை?... வலது கால்லயா?... ஆமா, அக்கா வச்சதுதான். அவளுக்கு வலது கால் ஒரு நூல் உயரம் கம்மி. காலண்டர் அட்டையை வெட்டி... அது இப்ப எங்க?... எடுத்துட்டீங்களா... எங்க போட்டீங்க?... பாலத்துக்கிட்ட, குப்பைத்தொட்டியில."

சின்னக்கா மேஜையிலிருந்த ஒரு கப்பை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி நிமிர்த்தி வைத்தாள்.

"இருக்கேம்மா... இருக்கேன்... கோவம் இல்ல... ஐயையோ, திரும்பிப் போயிக் கிளறவெல்லாம் வேணாம், நீங்க பாதயாத்திரை போறீங்களா, குப்பை பொறுக்கப் போறீங்களா?... விடுங்க. அது அவ காலுக்கு வச்சது. உங்களுக்கு ரெண்டும் ஒரே உயரம்தானே?... அப்ப அது உங்களுக்கு எதுக்கு?

"குதிகால் கடிக்குதா?... இடதுதானே?... எப்படியோ தெரியும். லேஸை எல்லா ஓட்டையிலயும் கோத்திருப்பீங்க... அதான். மேல இருந்து ரெண்டாவது ஓட்டையை விட்டுடுங்க... சும்மா விட்டுட்டு அடுத்ததுல... ஆமா, ஆமா. நீங்க தையல்காரங்க, டக்குனு பிடிச்சிட்டீங்க... நானா? நான் ஒரு நாள்கூட நடந்ததில்ல. பதினாலு வருஷம் குதிகால் கதையைக் கேட்டிருக்கேன்... முடிச்சை ரெண்டு தடவை போட்டு, நுனியை உள்ள சொருகுங்க. போனைக் கீழ வச்சிட்டு நாலு அடி நடந்து பாருங்க."

காதில் வண்டிகளின் இரைச்சல், தூரத்தில் விசில். அதற்கு நடுவில் பிளந்த அடிப்பாகம் தரையில் அடிக்கும் சத்தம்: சப், சப், சப். அக்கா மாடிப்படியில் ஏறி வரும்போது, கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே கேட்கும் சத்தம்.

"கேக்குதும்மா... இல்ல, நீங்க பேசறது இல்ல, ஷூ... இன்னும் கொஞ்சம் நடங்க... அந்தப் பக்கமும்... இன்னும்... ம். போதும்.

"வலி குறைஞ்சுதா? பொய் சொல்லாதீங்க... வேன் வந்துடுச்சா? சரி, தண்ணி குடிங்க... வேணாம், புதுசை வாங்காதீங்க. புது ஷூவோட மலை ஏறினா ரெண்டு காலும் புண்ணாயிடும். இதையே போட்டுட்டுப் போங்க... அதான் சொல்றேனே, போங்க... திருப்பிக் குடுக்கறதா? அடுத்த வருஷம் நடக்கமாட்டீங்களா என்ன?... புதுசு வேன்லயே வரட்டும், அடுத்த விற்பனைல பாட்டு வாத்தியார் தலையில கட்டறேன்!

"அப்புறம், மேல போனதும்... இல்ல, மெழுகுவத்தியெல்லாம் வேணாம்மா. வீட்டுக்கு வந்து நல்லாக் கழுவி, பேப்பர் திணிச்சு ஜன்னல்ல வையுங்க. ரெண்டு நாள் ஆகும். உள்ள வச்சிடாதீங்க, நாத்தம்... ஹலோ?... ஹலோ?"

லைன் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் விசில் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. அறுபத்தொரு பேரும் மலைக்கோயிலுக்கு ஏறிவிட்டார்கள். கடைசியாகப் படியேறியது நீல ஷூ.