வியாழக்கிழமைத் துண்டு

ஜேர்மன்காரரின்ரை லீவு நாளுகள் எனக்கு இன்னும் பிடிபடேல்லை, ஐயா. நத்தார் தெரியும், ஈஸ்டர் தெரியும். நல்ல வெய்யில் அடிக்கிற ஜூன் மாச வியாழக்கிழமையிலை கடையளைப் பூட்டிப்போட்டு ஊர்வலம் போவினமெண்டு ஆர் கண்டது? அது தெரிஞ்சிருந்தால் உங்களுக்கும் இந்த விசாரணை மினக்கேடு இல்லை.

என்ரை பேர் அரியரத்தினம். டோர்ட்மண்டுக்கு வந்து ரெண்டு வருசம். பீலிக்ஸின்ரை பட்டறையிலை வேலை. உலகம் முழுக்க அலுமினியத்திலை பறக்குது. பீலிக்ஸுக்கு மட்டும், ரெண்டாம் உலகப்போருக்கு முதல் ஆரோ கீறிவைச்ச படத்தைப் பாத்து, துருப்பிடியாத உருக்கிலை பத்துப்பேர் போற பிளேன் கட்டவேணும். பெரிய மனிசற்றை ஆசைக்கு நான் ஏன் குறுக்கை நிப்பான்?

அந்தத் தகட்டை மின்சாரத்தாலை பொட்டுப் பொட்டாய் ஒட்டவேணும். ஒவ்வொரு காலமையும் ரெண்டு சின்னத் துண்டை ஒட்டி இழுத்துப் பாக்கிறது. ஒட்டு விடாமல் தகடு கிழிஞ்சால் மெசின் சரி. அதிலை திகதி குத்தி அலுமாரியிலை வைக்கவேணும். அது என்ரை பொறுப்பு. ஒட்டு விட்டால் மெசினைச் சரிப்பண்ண அரை நாள் போகும், பீலிக்ஸ் மூஞ்சையை நீட்டுவான். வேலை போனால் விசாவும் போகும். அதாலை மெசின் நல்லாயிருந்த ஒரு நாள் அறுபது துண்டு செய்து, சனி ஞாயிறை விட்டு, வரப்போற திகதியெல்லாம் குத்தி வைச்சன். முன்யோசனை எண்டு எழுதுங்கோ.

பிறகு ஒருக்கா புதுசாய் ஒரு துண்டை ஒட்டி உண்மையாவே இழுத்துப் பாத்தனான். ஒட்டு கையோடை வந்தது. பாத்ததுதான் பிழை. பாக்காட்டில் நிம்மதியாய் இருந்திருப்பன்.

கணேசலிங்கம் என்ரை அறைக்காரன். இறக்கையை ஒட்டினது அவன்தான். நேர்மையான பொடியன், ஒரே அறைக்குள்ளை வைச்சுச் சமாளிக்க ஏலாது. பறப்புக்கு முதல் நாள் அலுமாரியைத் திறந்து, பட்டறை பூட்டியிருந்த அந்த லீவு வியாழன்ரை திகதி, 18.6.87, குத்தின துண்டைக் கண்டிட்டான்.

"அண்ணை, அப்ப இறக்கை ஒட்டொண்டும் சோதிக்கேல்லையோ?"

"நான் பீலிக்ஸிட்டைச் சொல்லுறன். நீ யோசியாதை."

முதல் பறப்பிலை வேலைக்காரரிலை ஒராள், பிளேனை ஓட்டுற பீலிக்ஸோடை ஏறவேணுமெண்டது பட்டறை வழக்கம். சீட்டுக் குலுக்கினதிலை என்ரை பேர் வந்தது. அதை அவனுக்குக் குடுத்தன். யன்னல்கரை வேறை. சொந்தத் தம்பிக்கும் ஒருத்தரும் அப்பிடி விட்டுக்குடார்.

ஏணியிலை நிண்டு திரும்பிக் கேட்டவன். "சொன்னீங்களோ, அண்ணை?"

"ஓம். திரும்பச் சோதிச்சவை. எல்லாம் சரியாம்."

சிரிச்சுக்கொண்டு உள்ளை போனான். ஆறு நிமிசத்திலை இடப்பக்க இறக்கை கழண்டது. அந்தத் துண்டை அவன்ரை பொக்கற்றுக்குள்ளையிருந்துதான் நீங்கள் எடுத்தனியள்.

கொலையெண்டோ எழுதப்போறியள்? நான் ஒருத்தரையும் தொடேல்லை, ஐயா. அவன் திரும்பி வந்தால் சொல்லுவான், வராட்டில் சொல்லான். எனக்கு வேறை என்ன வழி விட்டவன்? பொய் சொன்னது உண்மை. அதுக்கு அண்டைக்கே சாமிப்படத்துக்கு முன்னாலை தோப்புக்கரணம் போட்டிட்டன்.

பீலிக்ஸ் செத்ததுதான் எனக்குக் கவலை. வாற மாசம் விசா முடியுது. வேலைக்கடிதம் இனி ஆரிட்டை வாங்குறது?