வேரோடு பிடுங்கிய கடுகு

— ஒரு செடி மிச்சம் வைக்கல. போய்ப் பாத்துக்கோங்க.

— வேரோடவா சார்?

— வேரோடதான். நாலு ஆளு, காலையிலேருந்து இடுப்பொடியப் பிடுங்கியிருக்காங்க. சட்டப்படி இது பாக்டரி இடம். வேலி தாண்டி வந்து கடுகு விதைக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?

— எங்க தெருப் பக்கம் ஈயத் தண்ணியத் திறந்துவிட உங்களுக்கு யாரு குடுத்தாங்களோ, அவங்கதான்.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. அஞ்சு வருஷம் எங்கிட்ட பேட்டரித் தகடு அடுக்கினவங்களாச்சேன்னு பாக்கறேன். இல்லன்னா சட்டப்படி இந்நேரம் போலீஸ்ல இருப்பீங்க.

— நானும் அஞ்சு வருஷம் வாயத் திறக்காமத்தான் சார் இருந்தேன். பொண்ணு ரத்தத்துல ஈயம்னு டாக்டர் சொன்னாரே, அன்னியோட அது போச்சு. நேத்துப் படிச்சது இன்னிக்கு அவளுக்கு நிக்கல. பென்சில் பிடிச்சா கை நடுங்குது.

— மண்ணு சுத்தம்னு கம்பெனி ரிப்போர்ட் இருக்கு.

— அப்ப உங்க பேரனக் கூட்டிட்டு வாங்க, ஒரு நாள் அதுல விளையாடட்டும்.

— பேச்ச மாத்தாதீங்க.

— சரி விடுங்க. பிடுங்கினத எங்க போட்டீங்க?

— கழிவுக் கிடங்குல பூட்டியாச்சு, சாட்சிக்கு. போட்டோ எடுத்து, மேனேஜர் கையெழுத்தும் வாங்கியாச்சு. இடத்த வளைச்சதுக்குப் போடற கேஸ் முடியற வரைக்கும் ஒரு இலை வெளிய போகாது.

— ரொம்ப நல்லது.

— என்ன நல்லது? ஆசையா வளத்தீங்க, எல்லாம் போச்சுன்னு அழுவீங்கன்னு பாத்தேன்.

— குழம்புக்குத் தாளிக்கவா சார் விதைச்சேன்? மண்ணுல இருக்கற ஈயத்தக் கடுகு கொஞ்சங்கொஞ்சமா உறிஞ்சும். அதுல முக்காவாசி வேர்லயே தங்கிடும்னு விவசாயக் காலேஜ் டீச்சரம்மா சொன்னாங்க. அங்கேயே மக்க விட்டா எடுத்தது திரும்ப மண்ணுக்கே போயிடும். மாட்டுக்குப் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது. விஷக்கழிவு வைக்கற கிடங்குல வச்சுப் பூட்டணும்.

— கிடங்குலயா?

— இந்த ஊர்ல அது உங்ககிட்ட ஒண்ணுதானே இருக்கு. போன தடவ விளைஞ்ச செடிய மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்து கேட் வாசல்ல கெஞ்சினேன். வாட்ச்மேன விட்டுத் துரத்தினது ஞாபகம் இருக்கா?

— இருங்க. இப்பவே எல்லாத்தையும் வெளிய கொட்டச் சொல்றேன்.

— சாட்சியயா சார்? சட்டப்படி?

— சை. அந்த மொட்டைக் கடுதாசி வராம இருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம். இடத்த வளைக்கறாங்க, வேர விட்டா மறுபடி துளிர்க்கும், சாட்சிக்குப் பத்திரமாப் பூட்டி வைங்கன்னு எவனோ எழுதியிருந்தான். கோழி கிறுக்கின மாதிரி எழுத்து, படிக்கவே அரை மணி நேரம் ஆச்சு.

— எழுத ரெண்டு நாள் ஆச்சு சார், எம்பொண்ணுக்கு. திங்கக்கிழமை மறுபடி விதைக்கறோம், வளந்ததும் இன்னொண்ணு எழுதுவா.