பால் வடியாத கள்ளி

ஏற்காட்டில் கள்ளி வளர்க்க வேண்டுமென்றால் முதலில் கூரை வேண்டும். இங்கே மழையைவிடப் பனிமூட்டம் மோசம். வேர் அழுகி முடித்த பிறகுதான் செடியில் தெரியும். நாகலூர் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் உள்ள கண்ணாடி வீட்டில் ஆறு வருடமாக ஒரு செடிகூட அழுகியதில்லை. அது என் வேலை.

நான் தாவரவியல் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். பிறகு சேலத்தில் ஒரு நூற்பாலையில் இரவு ஷிப்ட். பகலில் தூக்கம் வராது. கள்ளிகளைப் பற்றிய புத்தகங்களோடு கிடப்பேன். 1981இல் எஸ்டேட் முதலாளி தன் செடிகளுக்குப் பெயர் எழுத ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு மலையேறினேன். நானூற்றுச் சொச்சம் தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தகரச் சீட்டில் பெயர் எழுதிக் குத்தினேன். வாழ்க்கையில் நான் முழுதாகச் செய்து முடித்தது அது ஒன்றுதான்.

அமீர் ஜான் ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் செடிக்கடை வைத்திருந்தவர். ஐம்பது வயது. வாரம் இரண்டு நாள் எங்களுக்கு ஒட்டுப் போட வருவார். பலமான தூண் கள்ளியின் தலையைச் சீவி, அதன்மேல் அரிய வகையின் சின்னத் துண்டை உட்காரவைத்து நூலால் கட்டும் வேலை. பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் செடி தெரிந்தவர். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கள்ளி என்ற ஒரே சொல் இரண்டு வேறு தாவரக் குடும்பங்களுக்கும் சேர்த்து நிற்கிறது. சப்பாத்திக்கள்ளியும் கள்ளிதான், சதுரக்கள்ளியும் கள்ளிதான். முன்னதை வெட்டினால் தண்ணீர் கசியும். பின்னதில் பால் வரும். அந்தப் பால் பட்டால் கண் போய்விடும். வெளிநாட்டுத் தூண் வகைகளில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

நான் வந்த மறுவருடம் மே மாதம் முதலாளி விருந்தினர்களை அழைத்துவந்தார். ஒரு தூண் செடியைக் காட்டி, இது மெக்சிகோ கள்ளி, பால் கிடையாது என்று விளக்கினேன். அமீர் ஜான் சட்டைக் காலரிலிருந்து ஊசியை எடுத்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. சீட்டு பொய் சொல்லுமுங்க. பாலு சொல்லாது.”

குத்தினார். வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். களை பிடுங்கிக்கொண்டிருந்த காமாட்சி, “ஏனுங்க, காலேஜுல பால் கறக்கச் சொல்லித் தரலீங்களா?” என்றாள். அன்றிலிருந்து எஸ்டேட்டில் எனக்குப் பால்காரர் என்று பெயர். முதலாளியும் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார். நானூறு செடிகளுக்குப் பெயர் எழுதியவனுக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

அமீர் ஜான் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “நொம்ப சங்கடமாப் போச்சுங்க தம்பி. தெரியாம அதெ வெட்டியிருந்தா என்ர கண்ணு போயிருக்குமுங்க. அதான் சொல்லிப்போட்டேன்” என்றார்.

அதன்பின் நான் ஒரு தவறும் செய்யவில்லை. ஒவ்வொரு செடியையும் நானே முதலில் குத்திப் பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் அவர் தன் ஊசியை என்னிடமே கொடுத்துவிட்டார். “உங்க சீட்டு இருக்கறப்ப எனக்கு ஊசி எதுக்குங்க?” நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவருக்குக் கிட்டப்பார்வை. நுணுக்கமான வேலைக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தொட்டியை மூக்கருகே தூக்கிச் சீவுவார். 1984 ஆகஸ்டில் ஒட்டுக்காகப் பன்னிரண்டு தூண்களை வழக்கம்போல முள் சீவி வைத்தேன். பதினொன்று சரியானவை. ஏழாவது பால் வகை. பத்து நாள் முன்பே சீவியதால் காயம் ஆறியிருந்தது. நன்றாகத் தண்ணீர் குடித்துப் பருத்திருந்தது. சீட்டை நானே எழுதினேன். கையெழுத்து அழகாக வந்தது.

வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியை அன்று காலை காலிசெய்து பாசி தேய்த்தேன். வெகுநாளாகத் தள்ளிப்போட்ட வேலை.

ஏழாவதை அவர் சீவியபோது பக்கத்தில் நூலோடு நின்றேன். அவர் அலறவில்லை. “தம்பி, தண்ணி” என்றார். கையால் கண்ணைத் தேய்த்தார். கையிலும் பால் இருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். நடந்துதான் போனேன். பாதை வழுக்கும்.

சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஜீப்பில் அவர் தலை என் மடியில் இருந்தது. “உங்க மேல தப்பில்லீங்க தம்பி. நாந்தான் தொட்டி மாத்தி எடுத்துப்போட்டேனாட்டம் இருக்குது” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் மறுக்கவில்லை. அனுபவசாலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு கண்களும் போயின. நான் ஒரு பெயரை மாற்றி எழுதினேன், அவ்வளவுதான். வெட்டியது அவர்.

இப்போது கடையை அவர் மனைவி ரஹமத் பீவி பார்த்துக்கொள்கிறார். வாரம் இரண்டு நாள் நான்தான் அமீர் ஜானைக் கைபிடித்துக் கண்ணாடி வீட்டுக்குக் கூட்டிவருகிறேன். “என்ர ஊட்டுக்காரருக்குக் கண்ணு நீங்கதானுங்க தம்பி” என்று ரஹமத் பீவி சொல்வார்.

போன வாரம் அமீர் ஜான் ஒரு செடியைத் தடவிக்கொண்டே, “சீட்டுல என்னங்க எழுதியிருக்குது?” என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். “அது இல்லீங்க தம்பி. அதுக்கு ஒடம்புல மேலிருந்து கீழ எட்டு வரம்பு ஓடுமுங்க. இதுக்கு அஞ்சுதானுங்க, எண்ணிப் பாருங்க.”

எண்ணினேன். ஐந்துதான்.

“பால்காரருக்கு ரெண்டு கண்ணு, பாயிக்குப் பத்துக் கண்ணுங்கோ” என்றாள் காமாட்சி.

எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. நேற்று ஒரு புதுச்செடி வந்திருக்கிறது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, விரல் வெந்துவிடும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. புதுச்செடி என்றதும் அமீர் ஜான் குழந்தைபோல ஆசைப்பட்டார். நாளை அவர் விரல்களை நானே பிடித்து அதன்மேல் வைப்பேன். இந்த முறை அவர் என்னைக் குறை சொல்ல முடியாது. சீட்டில் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேன்.