நேராக ஓடிய வண்டி

இந்த நாற்காலி ஆடுகிறது ஐயா. பின்னங்காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வைத்தால் நின்றுவிடும். குறை சொல்லவில்லை. தொழில் புத்தி. எங்கே போனாலும் எது கோணல் என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் காரணம் என்கிற இடத்தில் ‘சக்கர அலைன்மென்ட் சரியில்லை’ என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருத்த வேண்டும்.

இறந்தவர் என் தங்கையின் கணவர். வயதில் எனக்கு இளையவர். இருந்தாலும் மாப்பிள்ளை என்பதால் ‘வாங்க, உட்காருங்க’ என்றுதான் பேசுவேன். அவர் என்னை ‘வா, போ’ என்பார். மச்சான் என்று ஒருவன் இருந்தால் அவனைக் கேலி செய்தே தீர வேண்டும் என்று நினைப்பவர். மற்றபடி நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் வீட்டு மின்விசிறிக்கு ரெகுலேட்டர் மாட்டிக் கொடுத்ததே நான்தான்.

அவர் ஒரு ஃபோர்வீல் ஜீப் வாங்கினார். வாங்கின கையோடு அதைத் தூக்கிக் கட்டினார். ஸ்பிரிங்குக்கு மேல் உயரம் கூட்ட ஸ்பேசர், யானைக்கால் மாதிரி டயர், கூரையில் வரிசையாக விளக்கு, ஆற்றில் இறங்கினால் எஞ்சின் மூச்சுவிட ஒரு குழாய். அந்த வண்டி ஆற்றைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. வாட்டர் சர்வீஸில் நனைந்ததோடு சரி. என் தங்கை ஏறி இறங்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி எப்போதும் பின்சீட்டில் கிடக்கும்.

தூக்கிய நாளிலிருந்து வண்டி இடது பக்கம் இழுத்தது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. சைக்கிளின் முன் கவட்டை சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. கார் சக்கரத்துக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. காஸ்டர் என்போம். வண்டியை உயர்த்தினால் அது குறையும். இவருடையதில் இடப்பக்கம் அதிகமாகக் குறைந்திருந்தது. சரிசெய்ய, சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் ஆர்மை மாற்ற வேண்டும். பழைய ஆர்மில் திருகுவதற்கு இடமே மிச்சமில்லை.

சொன்னேன். அவர் சிரித்தார்.

“உனக்கு வரலேன்னு சொல்லிடு மச்சான். எதுக்கு ஆர்ம் மேல பழியப் போடுற?”

அடுத்த வாரம் அவருடைய ஜீப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். ஓடுகிற வண்டியில் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறார். வண்டி சாதுவாக வாய்க்காலைப் பார்த்துப் போகிறது. “பாருங்க, கைய விட்டுட்டேன். இது எங்க மச்சான் பண்ண அலைன்மென்ட். குடும்பத்துலயே ஒரு நிபுணர் இருந்தா எவ்வளவு வசதி.”

அந்தக் குழு எனக்கு ‘இடதுசாரி’ என்று பெயர் வைத்தது. பெயர் என் பட்டறைக்கு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், “அண்ணே, வண்டி நேரா ஓடுமா, இல்ல கட்சி மாறிடுமா?” என்றார். நானும் சிரித்தேன். அவர் அடுத்த தடவை எதிர்ப்பட்டறைக்குப் போனார். பிறகு மற்றவர்களும் போனார்கள். வண்டி ஏறாத என் லிஃப்டின் மேல் ஒரு பூனை குட்டி போட்டது. வண்டியை நேராக ஓட வைக்கிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு பெயர் கிடையாது ஐயா. படிப்பில்லை, பேச்சில்லை, பார்க்கவும் சுமார்தான்.

மாப்பிள்ளை ஒருநாள் அவசரம் என்று என் காரை எடுத்துப் போனார். திரும்பி வந்து சாவியை மேசை மேல் எறிந்தார்.

“உன் சொந்த வண்டியும் இப்படியா? வலது பக்கம் இழுக்குது மச்சான். நீ தொழில மாத்திக்க.”

என் கார் எந்தப் பக்கமும் இழுக்காது. சந்தேகத்துக்கு மறுபடி ஏற்றிப் பார்த்தேன். கோணம் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. அப்போதுதான் புரிந்தது. மாதக்கணக்கில் ஜீப்பை வலது பக்கம் பிடித்துப் பிடித்து அந்தக் கை அதற்குப் பழகிவிட்டது. தான் பிடிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. கோணல் வண்டியில் நேராகப் போனார். நேரான வண்டியைக் கொடுத்தால் வலது பக்கம் போவார்.

நான் அதை வைத்து எதுவும் யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். தொழில்முறையில் சுவாரசியமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவர்கள் குழுவாக மலைக்குப் போவதாக இருந்தது. மாப்பிள்ளை முன்வண்டி. வழக்கம்போல ‘ஒரு பார்வை பாரு’ என்று ஜீப்பை விட்டுவிட்டுப் போனார். நான் என் கைக்காசில் புது ஆர்ம் வாங்கி மாட்டினேன். சாய்வு, முன்சக்கரங்களின் உள்வாட்டம், டயர் காற்று, எல்லாம் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. வெளிச்சாலையில் ஓட்டிக் கையை விட்டேன். கோடு போட்டது போலப் போனது. கண் கலங்கிவிட்டது.

சாவி வாங்க வந்தவரிடம் ஒரே ஒரு பொய் சொன்னேன்.

“இன்னும் இழுக்கத்தான் செய்யும் மாப்பிள்ளை. பாத்துப் பிடிச்சுக்குங்க.”

“தெரிஞ்சதுதானே” என்றார். வீடியோ எடுக்க இரண்டு கையும் வேண்டும் என்று, குழுவில் புதிதாகச் சேர்ந்து கூட வந்திருந்த ஒருவரிடம் சாவியைக் கொடுத்தார். அதனால் மலையடிவாரம் வரை அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அங்கே வரைக்கும் அந்தப் புதியவர்தான் ஓட்டினார், மலை ஏறும்போது என் தங்கை. மாப்பிள்ளை கூரை வழியாகத் தலையை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மலை உச்சிக்கு வந்ததும் தங்கை போனில் அழைத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“அண்ணா, வண்டி நேரா போகுது. கைய விட்டுக்கூடப் பாத்தேன். எப்படிண்ணா பண்ணே? இரு, அவர்கிட்ட சொல்றேன். இனிமே உன்ன ஏதாவது சொல்லட்டும்.”

ஐயா, இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள். அவளை நான் சொல்ல விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவர் கையைத் தளர்த்திப் பிடித்திருப்பார். குழுவில் நன்றி என்று இன்னொரு வீடியோகூடப் போட்டிருப்பார்.

“சொல்லாதம்மா” என்றேன். “அவரே ஓட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும். இறங்கும்போது யார் ஓட்டுறா?”

“அவர்தான். நான் பக்கத்துல.”

“சரி. பெல்ட் போட்டுக்க.”

அந்தச் சாலையில் இறங்கும்போது வலப்பக்கம் பள்ளம். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இடது கையில் போன், வலது கையில் ஸ்டியரிங், அதுதான் மாப்பிள்ளையின் வழக்கம். அவர் எல்லா அழைப்பையும் எடுப்பார். என் அழைப்பைக் கட்டாயம் எடுப்பார், கேலி செய்வதற்காகவாவது.

அவர்கள் இறங்க ஆரம்பித்திருப்பார்கள் என்று தோன்றியபோது அழைத்தேன்.

“சொல்லு இடதுசாரி.”

“வண்டி எப்படி இருக்கு மாப்பிள்ளை?”

“எப்படி இருக்கும்? நீ கை வெச்ச வண்டியாச்சே.” டயர் சரளையில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “டேய் மச்சான், இப்ப வலது பக்கம் இழுக்குதுடா. உனக்கு ஒரு வேலையாவது உருப்படியா…”

அதற்கு மேல் இல்லை.

தங்கை பிழைத்துக்கொண்டாள். இடது கால்தான் முழங்காலுக்குக் கீழே இல்லை. என்னை அறைக்குள் விட வேண்டாம் என்று நர்சிடம் சொல்லியிருக்கிறாள். வலிக்கு மாத்திரை கொடுக்கிறார்கள், அது அப்படித்தான் பேச வைக்கும். அவள்தான் உங்களிடம் அவருடைய கடைசி வார்த்தை என்று அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். இழவு வீட்டில் அந்தக் குழுவே என்னைப் பார்த்துத் தலையாட்டியது. எதிர்ப்பட்டறைக்காரன் என் தோளைத் தட்டி, “யாருக்கும் கை தவறத்தான் செய்யும்” என்றான்.

கை தவறவில்லை. நொறுங்கிய வண்டியானாலும் அந்த ஆர்ம் புதிது, அதில் நான் முறுக்கிய நட்டு நான் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆள் அனுப்பிப் பாருங்கள். வண்டி இழுக்கவில்லை. அவர்தான் இழுத்தார். இழுப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன், தெரிந்துதான் அழைத்தேன். கொலை என்று எழுதுங்கள், எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். வேலை மோசம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கூடப்பிறந்தவள் அந்த வண்டியில் இருக்கிறாள் என்பது நினைவில்லையா என்று கேட்கிறீர்கள்.

எப்படி இல்லாமல் போகும் ஐயா? அவள் உட்காருகிற பக்கத்துச் சக்கரத்தை இரண்டு தடவை சரிபார்த்துத்தானே அனுப்பினேன்.